கடையை விற்கிறீர்களா? இழுபறியையும் அதிர்ச்சியையும் முன்கூட்டியே தடுக்கும் வழிகள்

பஜாரில் உள்ள கடையோ, மெயின் ரோட்டு காம்ப்ளெக்ஸோ, ஊர் எல்லையில் இருக்கும் குடோனோ, விலை பேசி முடித்ததுமே பாதிக் கிணறு தாண்டிவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். வேலை அன்றுதான் தொடங்குகிறது. வாங்குபவரின் வக்கீல் ஒரு பழைய பத்திரத்தைக் கேட்கிறார். அது பீரோவில் இல்லை. வங்கியின் மதிப்பீட்டாளர் வந்து, அனுமதி வரைபடத்தில் இல்லாத மாடியைக் குறித்துக்கொள்கிறார். சிங்கப்பூரில் இருக்கும் தம்பியின் கையெழுத்தும் வேண்டும் என்கிறார்கள். ஒவ்வொன்றும் சில வாரங்களைத் தின்கிறது. அதற்குள் ஆடி பிறந்துவிடுகிறது. மகள் கல்யாணமோ அடைக்க வேண்டிய கடனோ அந்தப் பணத்தை நம்பிக் காத்திருக்கும்போது தூக்கம் போகிறது, வீட்டில் பேச்சு தடிக்கிறது.

இந்தச் சிக்கல்களில் பெரும்பாலானவை பல வருடங்களாக நம் காகிதங்களுக்குள்ளேயே இருந்தவை. விற்பனை வந்ததும் வெளியே தெரிகின்றன, அவ்வளவுதான். எனவே வாங்குபவரின் வக்கீல் கேட்கப்போகும் கேள்விகளை, புரோக்கரிடம் வாய் திறப்பதற்கு முன்பே நாமே கேட்டுவிட வேண்டும். தமிழ்நாட்டில் வணிகச் சொத்தை விற்பவர்கள் அதை எந்த வரிசையில் செய்யலாம் என்று பார்ப்போம்.

படி 1: உங்கள் சொத்துக்கு நீங்களே லீகல் ஒப்பீனியன் வாங்குங்கள்

வாங்குபவர் எடுக்கும் முன்பே ஒரு வக்கீலிடம் பத்திரங்களைக் கொடுத்து, குறைகளை எழுதித் தரச் சொல்லுங்கள். அவர் கையில் இருக்க வேண்டியவை: உங்கள் கிரயப் பத்திரம், அதற்கு முந்தைய தாய்ப்பத்திரங்கள், குறைந்தது 30 வருடத்துக்கான வில்லங்கச் சான்று, பட்டா அல்லது டவுன் சர்வே பதிவேட்டின் நகல், கட்டட அனுமதி வரைபடம், சொத்து வரி ரசீது.

வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறையின் இணையதளத்திலேயே பார்க்கலாம். கணினியில் ஏறாத பழைய ஆண்டுகளுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு கொடுத்துத் தேட வேண்டும். நகரமான பல ஊர்களில் பழைய சர்வே எண் மாறி டவுன் சர்வே எண் வந்திருக்கும். ஒரு எண்ணில் மட்டும் தேடினால் இன்னொரு எண்ணில் பதிவான அடமானம் கண்ணில் படாது. இரண்டு எண்களிலும் தேடுங்கள்.

அடுத்து அளவு. பத்திரத்தில் 1,200 சதுர அடி, பட்டாவில் 1,140 என்று இருந்தால் வாங்குபவர் குறைந்த அளவுக்குத்தான் பணம் பேசுவார். பத்திரத்தில் எழுத்துப்பிழை என்றால் பிழைதிருத்தல் பத்திரம், பட்டாவில் பிழை என்றால் வருவாய்த்துறையில் மனு. சர்வேயர் வந்து அளந்து முடிய நாளாகும். அதனால்தான் இதை முதலில் செய்ய வேண்டும்.

உங்கள் சர்வே எண் கோயில் நிலம், வக்ஃபு நிலம், நீர்நிலைப் புறம்போக்கு போன்ற தடைப் பட்டியலில் ஏறியிருக்கிறதா என்றும் சார்பதிவாளர் அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள். பதிவுக்கு டோக்கன் போட்டுப் போய் உட்கார்ந்த பிறகு இது தெரியவந்தால் அதைவிடப் பெரிய அதிர்ச்சி இல்லை. சாலை விரிவாக்கத்துக்கோ மெட்ரோ ரயிலுக்கோ நிலம் எடுக்கும் அறிவிப்பு வந்திருந்தால் அதையும் இப்போதே தெரிந்துகொள்ள வேண்டும்.

அசல் பத்திரம் தொலைந்திருந்தால் தள்ளிப்போடாதீர்கள். போலீசில் புகார், நாளிதழில் அறிவிப்பு, ‘கண்டுபிடிக்க முடியவில்லை’ என்ற காவல்துறைச் சான்று, சார்பதிவாளரிடமிருந்து சான்றிட்ட நகல் என்று ஒன்றன் பின் ஒன்றாகத்தான் இந்த வேலை நகரும்.

படி 2: யார் யார் கையெழுத்துப் போட வேண்டும் என்று பட்டியல் எழுதுங்கள்

கடை அப்பா பெயரில் இருந்து, அவர் உயில் எழுதாமல் காலமாகியிருந்தால், கடையை நடத்தும் மகன் மட்டும் உரிமையாளர் ஆகிவிட மாட்டார். அம்மா, அக்கா, தங்கை எல்லாருக்கும் பங்கு உண்டு. இந்துக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகள்களுக்குச் சம உரிமை தரும் திருத்தத்தைத் தமிழ்நாடு 1989-லேயே கொண்டுவந்தது. மத்திய அரசின் திருத்தம் 2005-ல் வந்தது. கல்யாணமாகிப் போன தங்கை கையெழுத்துப் போடாத பத்திரத்தை எந்த வங்கி வக்கீலும் ஏற்க மாட்டார்.

வாரிசுச் சான்றை வாங்கி வையுங்கள். பங்கை விட்டுக்கொடுப்பவரிடம் விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்யுங்கள், அல்லது எல்லாரும் சேர்ந்து கிரயம் செய்யுங்கள். இந்துக் குடும்பத்தில் மைனரின் பங்கு இருந்தால் அதை விற்க நீதிமன்ற அனுமதி தேவை. அதற்கான மாதங்களைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டில் இருப்பவர் பவர் கொடுப்பதென்றால், அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றளித்து அனுப்ப வேண்டும். அது இந்தியாவுக்கு வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் இங்கே உரிய முத்திரை பெற வேண்டும். சொத்துக்கு ஆள் கிடைத்த பிறகு தம்பிக்குப் போன் செய்தால் அவருக்கு லீவு கிடைக்காது. முன்பே சொல்லி வையுங்கள்.

உடன்பிறந்தவர்களிடம் விலையையும் பங்கையும் மறைக்காமல் சொல்லிவிடுவது முக்கியம். கடைசி நாளில் கையெழுத்து மறுக்கப்படும் விற்பனைகளில் பலவற்றின் பின்னே இருப்பது பேராசை அல்ல, “என்னிடம் யாரும் கேட்கவே இல்லையே” என்ற மனக்குறைதான்.

படி 3: வங்கிக் கடனை முழுமையாக விடுவியுங்கள்

கடனை அடைத்தாயிற்று என்பது போதாது. பத்திரங்களை ஒப்படைத்து வாங்கிய கடன் வில்லங்கத்தில் ஏறியிருக்கும். கடன் தீர்ந்ததற்கான ரசீது ஆவணத்தைப் பதிவு செய்தால்தான் அது நீங்கும். பத்து வருடத்துக்கு முன் அடைத்த கடன் ரசீது பதிவாகாமல் கிடந்து விற்பனையை நிறுத்துவது அடிக்கடி நடக்கிறது.

தனிநபர்கள் வாங்கும் கடன்களில், கடன் முழுதும் அடைந்த 30 நாளுக்குள் அசல் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும் என்றும், வங்கியால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் ஈடு தர வேண்டும் என்றும் ரிசர்வ் வங்கி 2023 செப்டம்பரில் உத்தரவிட்டது. உங்களுடையது தொழில் கடன் என்றால் இது பொருந்துமா என்று வங்கியிடம் எழுத்தில் கேளுங்கள். வாங்குபவரின் பணத்தில்தான் கடனை அடைக்கப்போகிறீர்கள் என்றால், பாக்கித் தொகையையும் பத்திரம் திரும்பக் கிடைக்கும் நாளையும் குறிப்பிட்டு வங்கியிடம் கடிதம் வாங்கி வையுங்கள்.

படி 4: வாடகைதாரரிடம் நீங்களே பேசுங்கள்

வீட்டு விற்பனைக்கும் கடை விற்பனைக்கும் உள்ள பெரிய வேறுபாடு இதுதான். கடையில் ஒருவர் பிழைப்பு நடத்திக்கொண்டிருக்கிறார். கடை கைமாறப்போகிறது என்று புரோக்கர் மூலமோ பக்கத்துக் கடைக்காரர் மூலமோ அவருக்குத் தெரிந்தால், பயத்தில் வக்கீலைப் பார்ப்பார். தடை உத்தரவு கேட்டு வழக்குப் போட்டுவிட்டால் விற்பனை அப்படியே நிற்கும்.

முதலில் முடிவு செய்யுங்கள்: வாடகைதாரரோடு விற்பதா, காலி செய்து விற்பதா? வாடகைதாரரோடு விற்றால், வாங்குபவர் அந்த ஒப்பந்தத்துக்குக் கட்டுப்பட்டே வருகிறார். வாடகை எவ்வளவு, எந்தத் தேதி வரை, கையில் வாங்கிய அட்வான்ஸ் எவ்வளவு, பாக்கி உண்டா என்பதை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். அட்வான்ஸை நீங்கள் திருப்பித் தருவதா, விலையில் கழித்து வாங்குபவரிடம் பொறுப்பைக் கொடுப்பதா என்பதையும் எழுதுங்கள். பதிவு முடிந்ததும், இனி வாடகையை யாரிடம் தர வேண்டும் என்று வாடகைதாரருக்குக் கடிதம் கொடுங்கள்.

காலி செய்து தருவதாகச் சொன்னால், அவர் உண்மையில் காலி செய்து சாவி கொடுக்கும் வரை வாங்குபவரிடம் தேதி சொல்லாதீர்கள். வேறு இடம் தேட நியாயமான அவகாசம் கொடுங்கள். மனையை மட்டும் வாடகைக்கு விட்டு, கட்டடத்தை வாடகைதாரரே கட்டியிருந்தால் அது தனிச் சிக்கல். வக்கீலிடம் கேட்காமல் ஒரு அடியும் வைக்க வேண்டாம்.

படி 5: விலை பேசும் முன் வரிக் கணக்குப் போடுங்கள்

கையில் எவ்வளவு நிற்கும் என்று தெரியாமல் விலை பேசுவதால்தான் கடைசியில் அதிர்ச்சி வருகிறது. 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்த நிலம், கட்டடத்தின் லாபத்துக்கு 2024 ஜூலை 23 முதல் 12.5 சதவீத வரி. அந்தத் தேதிக்கு முன் வாங்கியவராக இருந்தால், இந்தியாவில் வசிக்கும் தனிநபரும் இந்துக் கூட்டுக் குடும்பமும் பணவீக்கச் சரிக்கட்டலோடு 20 சதவீதக் கணக்கையும் போட்டுப் பார்த்து, எது குறைவோ அதைக் கட்டலாம். தொழில் கணக்கில் கட்டடத்துக்குத் தேய்மானம் கழித்து வந்திருந்தால், கட்டடத்தின் லாபம் எத்தனை வருடம் ஆனாலும் குறுகியகால லாபமாகவே கருதப்படும். இது பல வியாபாரிகளுக்குத் தெரியாது. ஆடிட்டரிடம் நிலத்தையும் கட்டடத்தையும் பிரித்துக் கணக்குக் கேளுங்கள்.

விலை 50 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ என்றால் வாங்குபவர் 1 சதவீதத்தை வரியாகப் பிடித்துத்தான் தருவார். 1 கோடியே 20 லட்சத்துக்கு 1 லட்சத்து 20 ஆயிரம். அது உங்கள் வரியில் கழியும். ஆனால் பான் எண் ஆதாரோடு இணையாமல் செயலிழந்து கிடந்தால் பிடித்தம் 20 சதவீதமாகிவிடும். விற்பவர்களில் ஒருவர் வெளிநாட்டுவாசி என்றால் பிடித்தம் வேறு, அதிகம். குறைத்துப் பிடிக்கச் சான்று வாங்க முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும்.

ரொக்கமாக ஒரு பகுதி தருகிறேன் என்று வாங்குபவர் சொன்னால் மறுத்துவிடுங்கள். சொத்து விற்பனையில் 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரலாம். கணக்கில் காட்டாத பணம் விற்பனை முடிந்த பிறகும் பல வருடம் மனதில் பாரமாக இருக்கும்.

படி 6: அக்ரிமென்டில் தாமதத்துக்கு இடம் வையுங்கள்

கிரய ஒப்பந்தத்தைத் தமிழ்நாட்டில் பதிவு செய்வது 2012 டிசம்பர் முதல் கட்டாயம். பதிவானதும் அது வில்லங்கத்தில் ஏறும். வாங்குபவர் பாதியில் காணாமல் போனால், அந்த ஒப்பந்தத்தை ரத்துப் பத்திரத்தால் நீக்கும் வரை அடுத்தவர் வாங்கத் தயங்குவார். எனவே கெடு தவறினால் என்ன செய்வது, அட்வான்ஸ் எவ்வளவு திரும்பும், ரத்துக்கு இருவரும் எத்தனை நாளுக்குள் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்பதெல்லாம் ஒப்பந்தத்திலேயே இருக்கட்டும்.

யாருடைய வேலை எது என்று பிரித்து எழுதுங்கள். ரசீது ஆவணமும் பட்டாத் திருத்தமும் விற்பவருடையவை. வங்கிக் கடன் ஒப்புதல் வாங்குபவருடையது. இப்படி எழுதிவிட்டால் தாமதம் வரும்போது குற்றம்சாட்டும் பேச்சு குறையும். அரசு அலுவலகத்தால் ஆகும் தாமதத்துக்குக் கெடு தானாக நீளும் என்றும் ஒரு வரி சேருங்கள்.

இந்த ஒப்பந்தம் உங்களையும் கட்டுப்படுத்தும். 2018-ல் திருத்தப்பட்ட சட்டப்படி, ஒப்பந்தத்தை நிறைவேற்றித் தரும்படி வாங்குபவர் வழக்குப் போட்டால் நீதிமன்றம் பொதுவாக அதை நிறைவேற்றச் சொல்லும். இடையில் விலை ஏறிவிட்டது என்று பின்வாங்க நினைக்காதீர்கள்.

படி 7: நாட்காட்டியைப் பார்த்துத் தேதி வையுங்கள்

ஆடியிலும் மார்கழியிலும் பலர் பத்திரம் பதிய மாட்டார்கள். ஆவணி, தை முகூர்த்த நாட்களில் சார்பதிவாளர் அலுவலகத்தில் கூட்டம் நெரியும். வங்கிக் கடன் வாங்கும் ஒருவரோடு ஆனி மாதம் ஒப்பந்தம் போட்டால், ஆவணிதான் உண்மையான தேதி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வழிகாட்டி மதிப்பும் நடுவில் மாறலாம். 2017, 2023, 2024 ஆகிய ஆண்டுகளில் அது மாறியிருக்கிறது. முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்ற கணக்கில், மதிப்பு உயர்ந்தால் வாங்குபவரின் செலவும் லட்சங்களில் உயரும். அதைக் காரணம் காட்டி விலையைக் குறைக்கச் சொல்வார். கூடும் செலவு யாருடையது என்று ஒப்பந்தத்தில் இருந்தால் இந்தப் பேச்சு எழாது.

படி 8: வராத பணத்தைச் செலவழிக்காதீர்கள்

இழுபறியை வேதனையாக்குவது தேதியோடு கட்டிவிட்ட வாக்குறுதிகள்தான். கடைப் பணம் வரும் என்று வேறொரு இடத்துக்கு அட்வான்ஸ் கொடுப்பதும், கல்யாண மண்டபத்துக்குத் தொகை சொல்வதும் வேண்டாம். அவசரத்தில் இருக்கிறீர்கள் என்று தெரிந்தால் வாங்குபவர் பதிவுக்கு முந்தின நாள் இரண்டு லட்சம் குறைக்கச் சொல்வார். அந்த நாளுக்கு என்று ஒரு கடைசி விலையைக் குடும்பத்தோடு பேசி முன்பே முடிவு செய்யுங்கள். அதற்குக் கீழே என்றால் எழுந்து வந்துவிடலாம் என்ற தெளிவு இருந்தால் மனம் பதறாது.

புரோக்கரிடமும் வாங்குபவரிடமும் வீட்டிலிருந்து ஒருவர் மட்டும் பேசட்டும். என்ன வேலை யாரிடம் நிற்கிறது, அடுத்து எப்போது விசாரிக்க வேண்டும் என்று ஒரு நோட்டில் எழுதி, வாரம் ஒரு முறை வீட்டில் எல்லாருக்கும் சொல்லுங்கள். தகவல் தெரியாதபோதுதான் சந்தேகம் வளர்கிறது.

படி 9: பதிவு நாளும் அதற்குப் பிறகும்

முழுப் பணமும் உங்கள் கணக்கில் வந்துவிட்டது என்று உறுதியான பிறகே கையெழுத்துப் போடுங்கள். வரைவுப் பத்திரத்தை இரண்டு நாள் முன்பே வாங்கி, பெயர், சர்வே எண், நான்கெல்லை, தொகை ஆகியவற்றை வரி வரியாகச் சரிபாருங்கள். வழிகாட்டி மதிப்புக்குக் குறைவாக எழுதினால் சார்பதிவாளர் மதிப்பு நிர்ணயத்துக்கு அனுப்பிவிடுவார். பத்திரம் திரும்பி வர மாதங்கள் ஆகும். உங்கள் வருமான வரியிலும் அந்த மதிப்பே கணக்குக்கு வரலாம்.

விற்ற நாள் வரையிலான சொத்து வரியையும் மின் கட்டணத்தையும் கட்டி ரசீதை வாங்குபவரிடம் கொடுங்கள். மின் இணைப்பின் பெயர் மாறிவிட்டதா என்று பாருங்கள். உங்கள் பெயரில் நிற்கும் வரை பாக்கி உங்களைத் தேடி வரும். அந்த முகவரியில் ஜி.எஸ்.டி. பதிவு இருந்தால் மாற்றுங்கள். வரியைக் குறைக்க அரசு நிறுவனப் பத்திரங்களில் 50 லட்சம் வரை போட நினைத்தால் விற்ற 6 மாதத்துக்குள் போட வேண்டும். கிரயப் பத்திர நகல், வங்கிக் கணக்கு விவரம், பிடித்த வரிக்கான சான்று மூன்றையும் ஒரே கோப்பில் வைத்து, அது எங்கே இருக்கிறது என்று வீட்டில் இன்னொருவருக்கும் சொல்லி வையுங்கள்.

இத்தனையையும் செய்தாலும் ஏதோ ஒன்று தாமதமாகும். அலுவலகங்களின் வேகம் நம் கையில் இல்லை. ஆனால் காகிதம் சுத்தமாக இருந்து, உடன்பிறந்தவர்களுக்கும் வாடகைதாரருக்கும் விஷயம் தெரிந்து, பணத்தை நம்பி யாருக்கும் தேதி சொல்லாமல் இருந்தால், அந்தத் தாமதம் வெறும் தாமதமாகவே கடந்துபோகும். குடும்பத்துக்குள் சண்டையாகவோ, அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடும் அவசரமாகவோ மாறாது. விற்கும் எண்ணம் அடுத்த வருடத்துக்கு இருந்தாலும், வில்லங்கச் சான்றை இந்த வாரமே எடுத்துப் பாருங்கள்.