விரதமும் நீரிழிவுக் குளிசையும்

கந்தசஷ்டி ஆறு நாளும் உபவாசம் இருக்கும் பெரியவர்களைக் காணும்போது தாதியராகிய எமக்குப் பக்தியோடு பயமும் வருவதுண்டு. காலையில் கிளிக்ளசைட் குளிசையை வழமைபோல் விழுங்கிவிட்டு, வெறும் வயிற்றோடு பூசைக்கு வந்துவிடுவார்கள். குளிசையோ இன்சுலினோ சாப்பாடு வந்ததா என்று பார்ப்பதில்லை. இரத்தத்திலுள்ள சீனியைக் குறைத்துக்கொண்டே போகும்.

நடுக்கம், குளிர்ந்த வியர்வை, படபடப்பு, பிறகு பேச்சுத் தடுமாற்றம், காரணமில்லாத கோபம். பீட்டா தடுப்பு மருந்து எடுப்போருக்கு நடுக்கமும் படபடப்பும் தெரியாமலே போகலாம், வியர்வைதான் காட்டிக்கொடுக்கும். "அம்மாவுக்கு விரதக் களைப்பு, படுக்கட்டும்" என்று விட்டுவிடுவதே நாம் காணும் பெரும் பிழை. உடனே விரலில் குத்திப் பாருங்கள். 4 மி.மோலுக்குக் கீழே (ஊர்க் கருவிகளில் 70 மி.கி.) என்றால் 3 தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்தோ, 150 முதல் 200 மி.லீ. பழச்சாறோ கொடுங்கள். கருவி இல்லாவிட்டாலும் காத்திருக்க வேண்டாம். சொக்கலேற் உதவாது, அதன் கொழுப்பு சீனியைத் தாமதப்படுத்தும். 15 நிமிடத்தில் மீண்டும் பார்த்து, குறைவென்றால் மீண்டும் கொடுங்கள். தேறியபின் சோறோ பாணோ கட்டாயம் வேண்டும். குளிசையின் வேலை பல மணி நேரம் நீடிப்பதால் சீனி திரும்பவும் இறங்கலாம். விரதம் முறியும் என்று மறுப்பார்கள். மகள் சொல்லிக் கேளாதவர் பேரப்பிள்ளை சொன்னால் கேட்பார்.

மயங்கியவரின் வாயில் தீர்த்தத்தைக்கூட ஊற்றலாகாது. ஒருக்களித்துக் கிடத்தி அம்புலன்சை அழையுங்கள்.

விரதம் தொடங்குமுன்னரே மருந்தின் அளவை வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இன்சுலினைத் தாமாக நிறுத்துவதும் ஆபத்தே.