ஆய்வுக்கூடத்திலிருந்து ஆட்சிமன்றம் வரை

அறிவியல் படித்தவர்க்கு ஆசிரியர் வேலை உண்டு. ஆய்வாளர் வேலை உண்டு. நாட்டை ஆள்வோருக்கு ஆலோசனை கூறும் பொறுப்பும் உண்டு என்பதற்குப் பேராசிரியர் எம்.ஜி.கே. மேனன் நல்ல சான்று. நம் வீட்டுப் பிள்ளைகள் அறிய வேண்டிய வரலாறு இது.

1928இல் மங்களூரில் பிறந்த மேனன், இங்கிலாந்தில் நோபல் பரிசு பெற்ற செசில் பவலிடம் பயின்று, 1953இல் டாக்டர் பட்டம் பெற்றார். 1955இல் பம்பாய் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார். ஹோமி பாபாவின் மறைவுக்குப்பின் 1966இல் அதன் இயக்குநரானார்.

விண்ணிலிருந்து பொழியும் காஸ்மிக் கதிர்களே அவரது துறை. அதை ஆராய அவருடைய குழு பூமிக்குள் இறங்கியது! தமிழ்த் தொழிலாளர்கள் தலைமுறைகளாக உழைத்த கோலார் தங்கவயல்தான் ஆய்வுக்களம். ஆழம் செல்லச்செல்ல மற்றத் துகள்களைப் பாறை தடுத்துவிடும். நியூட்ரினோ மட்டும் தடையின்றி ஊடுருவும். 2 கிலோமீட்டருக்கும் அதிக ஆழத்தில், 1965இல், வளிமண்டல நியூட்ரினோவின் தடயம் கிடைத்தது. ஜப்பானிய, ஆங்கிலேய அறிஞர்களும் இதில் பங்கு கொண்டனர்.

1971 டிசம்பர் 30 அன்று, தும்பா ராக்கெட் தளத்தை உருவாக்கிய விக்ரம் சாராபாய் இங்கே கோவளத்தில் காலமானார். அடுத்த ஆண்டு, சதீஷ் தவான் பொறுப்பேற்கும்வரை, இஸ்ரோவின் தலைமையை ஏற்றவர் மேனன்.

பின்னர் வந்தது பெரிய சோதனை. பாலக்காட்டு அமைதிப் பள்ளத்தாக்கில் குந்திப்புழையை மறித்து அணை கட்டுவதா? மலபாருக்கு மின்சாரம் தேவை. சிங்கவால் குரங்கு வாழும் பழங்காடோ போனால் திரும்பாது. திருவனந்தபுரத்தில் பயின்ற நம் எம்.எஸ். சுவாமிநாதன் 1979இலேயே காட்டைக் காக்கப் பரிந்துரைத்திருந்தார். ஆனாலும் வழக்கு ஓயவில்லை. மத்திய அரசும் மாநில அரசும் சேர்ந்து அமைத்த பல்துறைக் குழுவுக்கு மேனன் தலைவரானார். 1983இல் அறிக்கை வந்தது, திட்டம் கைவிடப்பட்டது. 1984இல் அக்காடு தேசியப் பூங்காவாயிற்று.

1986 முதல் 1989 வரை பிரதமரின் அறிவியல் ஆலோசகர், பின்பு மத்திய இணையமைச்சர் எனப் பணியாற்றிய மேனன் 2016இல் மறைந்தார்.

முடிவெடுப்பது அரசு, எதை இழந்து எதைப் பெறுகிறோம் என்று முன்கூட்டி அளந்து சொல்வது அறிவியல். விடுமுறையில் பிள்ளைகளைத் தும்பாவுக்கு மட்டுமன்றி, அந்தக் காட்டுக்கும் அழைத்துச் செல்லுங்கள்.

மாணவர் சிந்தனைக்கு:
1. நியூட்ரினோவைத் தேடச் சுரங்கத்தில் இறங்கியது ஏன்?
2. அக்குழுவில் நீங்கள் இருந்திருந்தால், முடிவு கூறுமுன் எவற்றையெல்லாம் அளந்திருப்பீர்கள்?