வழியை மறிக்கும் நஞ்சுக்கொடி

மாணவர்களே, உயிரியல் பாடத்தில் நீங்கள் 'பிளசெந்தா' என்று படிப்பதைத்தான் நம் பாட்டிகள் நஞ்சுக்கொடி என்பார்கள். பெயரில்தான் நஞ்சு, கருவில் இருக்கும் குழந்தைக்கு மூச்சும் சோறும் அதுவே. நிறைமாதத்தில் அதன் எடை ஏறத்தாழ அரை கிலோ, அகலம் 20 செ.மீ. அதில் தாயின் இரத்தமும் சேயின் இரத்தமும் அருகருகே ஓடும், கலப்பதில்லை. அப்போது கருப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் மேல் இரத்தம் பாய்கிறது. இந்த எண்ணை மறந்துவிடாதீர்கள்.

நஞ்சுக்கொடி வழக்கமாகக் கருப்பையின் மேற்பகுதியில் ஒட்டியிருக்கும். சிலருக்கு மட்டும் அது கீழே, கருப்பை வாயை மூடிக்கொண்டு வளரும். இதுதான் 'பிளசெந்தா பிரீவியா'. கடைசி மாதங்களில் கருப்பையின் கீழ்ப்பகுதி விரியும்போது ஒட்டு விடுகிறது, இரத்தம் கொட்டுகிறது. பளிச்சென்ற சிவப்பு, ஆனால் வலியே இருக்காது. வலிக்கவில்லையே என்று வீட்டிலேயே இருந்துவிடுவதுதான் ஆபத்து.

அந்தக் காலத்தில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் இப்படி நேர்ந்தால் என்ன ஆகியிருக்கும்? ஈப்போ பெரிய மருத்துவமனை ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தள்ளி. பெரியவர்கள் உடம்பில் இருப்பதே சுமார் 5 லிட்டர் இரத்தம். மேலே சொன்ன எண்ணோடு சேர்த்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 1950-இல் மலாயாவில் 1 லட்சம் பிரசவத்துக்கு 500-க்கும் அதிகமான தாய்மார் இறந்தார்கள். இரத்தப்போக்கு அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

இன்னொரு கோளாறு, நஞ்சுக்கொடி முன்கூட்டியே பிய்ந்துவிடுவது. இதில் கடும் வலி இருக்கும். வயிறு பலகைபோல் இறுகும். இரத்தம் உள்ளேயே தேங்கலாம் என்பதால் வெளியே தெரிவதை வைத்து அளவு சொல்ல முடியாது. உயர் இரத்த அழுத்தமும் புகைபிடித்தலும் இதற்கு வழிவிடும்.

1958-இல் கிளாஸ்கோ மருத்துவர் இயன் டொனால்டு, ஒலியலையால் வயிற்றுக்குள் பார்க்கலாம் என்று காட்டினார். இன்று 20-ஆம் வாரத்து ஸ்கேனிலேயே நஞ்சுக்கொடி எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும். கீழே இருந்தாலும் பதறத் தேவையில்லை. கருப்பை வளர வளர, பெரும்பாலானோருக்கு அது மேலே ஏறிவிடும். ஏறாவிட்டால் அறுவைச் சிகிச்சைக்கு முன்பே நாள் குறித்துவிடுவார்கள்.

வீட்டில் யாராவது கர்ப்பமாக இருந்தால் அவருடைய சுகாதாரக் கிளினிக் புத்தகத்தைக் கேட்டுப் பாருங்கள். ஆபத்தின் அளவைக் காட்ட அதில் வெள்ளை, பச்சை, மஞ்சள், சிவப்பு என ஒரு நிறம் ஒட்டியிருக்கும். கர்ப்பகால இரத்தப்போக்குக்குச் சிவப்பு: அடுத்த கிளினிக் நாள்வரை காத்திராமல் உடனே மருத்துவமனை.