குழந்தையின் கோபம் ஆற வேண்டும்

தைப்பூச நன்னாளில் சிராங்கூன் சாலை ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோவிலிலிருந்து பால்குடமும் காவடியும் ஏந்திப் புறப்படும் பக்தர்கள், டேங்க் ரோடு ஸ்ரீ தெண்டாயுதபாணி கோவிலைச் சென்றடைகிறார்கள். 1859ஆம் ஆண்டில் நகரத்தார் பெருமக்கள் எழுப்பிய ஆலயம் அது. தண்டம் ஏந்தி நிற்கும் பழநியாண்டவனின் கதை, கோபித்துக்கொண்ட ஒரு பிள்ளையின் கதை என்பதை நாம் எண்ணிப் பார்த்ததுண்டா?

மாம்பழம் அண்ணனுக்குக் கிடைத்தது. உலகைச் சுற்றி வந்த தம்பி ஏமாந்தான், கோபித்துக்கொண்டு மலையேறிவிட்டான். அம்மையும் அப்பனும் அவனை அதட்டியதாகக் கதையில் இல்லை. அவன் இருந்த இடத்திற்கே சென்று, பழமே நீதான் என்று தேற்றினார்கள். பழநி என்ற பெயருக்கு அதுவே காரணம் என்று வழிவழியாகச் சொல்லப்படுகிறது.

இக்கதையை என் பேரனுக்குப் பலமுறை சொல்லியிருக்கிறேன். ஆயினும் அதன் பொருள் எனக்கு விளங்கியது பிறகுதான். அப்போது அவனுக்கு நான்கு வயது. பாலர் பள்ளியிலிருந்து வந்து அவன் கட்டைகளை அடுக்கிக் கட்டிய கோபுரத்தை, இரண்டு வயதுத் தங்கை தள்ளிவிட்டாள். கையில் கிடைத்ததையெல்லாம் வீசினான். சுவாமி படத்தின் கண்ணாடி உடைந்தது. நான் ரோத்தானை எடுத்து, "இனிமேல் கை நீளுமா?" என்று கேட்டுக்கொண்டே காலில் இரண்டு அடி கொடுத்தேன். வீடு அமைதியாயிற்று. கண்டித்துவிட்டோம் என்று நிம்மதியடைந்தேன்.

மறுநாள் அவன் ஓர் அளவுகோலை எடுத்து, "இனிமேல் கை நீளுமா?" என்று தங்கையை அடித்தான். என் சொல், என் குரல்! நான் கற்பித்தது அடக்கத்தை அன்று. கோபம் வந்தால் பெரியவர் சின்னவரை அடிக்கலாம் என்பதைத்தான். ரோத்தானை அன்றே எறிந்துவிட்டேன். "பாட்டி உன்னை அடித்தது தவறு ஐயா" என்று அவனிடமும் சொன்னேன்.

ஔவைப் பிராட்டியார் ஆத்திசூடியில் அறத்தை அடுத்து இரண்டாவதாகச் சினத்தைப் பற்றியே கூறுகிறார். அங்கே அவர் எடுத்தாண்ட சொல் அடக்குவது அன்று, ஆறுவது. அடுப்பு எரிந்துகொண்டிருக்கும்போது மூடியை அழுத்தினால் பால் பொங்கி வழியும். அடுப்பை அணைத்தால்தான் ஆறும். தன்னைக் கட்டுப்படுத்தும் மூளையின் முன்பகுதி, இருபது வயதைக் கடந்த பிறகே முழு வளர்ச்சி பெறுகிறது என்று மருத்துவ அறிவியலும் கூறுகிறது. நான்கு வயதுக் குழந்தை தானாக ஆறிவிடும் என்று எதிர்பார்க்கலாமா?

எங்கள் வீட்டில் பயன் தந்தவற்றைக் கூறுகிறேன்.

1. முதலில் பெரியவரின் கோபம் ஆற வேண்டும். குரலைத் தாழ்த்தி, குழந்தையின் கண் உயரத்திற்கு அமர்ந்து பேச வேண்டும்.

2. "கோபுரம் விழுந்ததால் உனக்குக் கோபம், இல்லையா?" என்று அவன் உணர்வுக்குப் பெயர் சொல்ல வேண்டும்.

3. "கோபப்படலாம்; அடிக்கக் கூடாது" என்று எல்லையை உறுதியாகக் கூறி, ஓங்கிய கையை மெல்லப் பற்றிக்கொள்ள வேண்டும்.

4. பசியும் தூக்கமும் கோபத்தை வளர்ப்பவை. பள்ளி விட்டு வந்ததும் ஒரு வாழைப்பழமும் சிறிது ஓய்வும் தந்தால் பாதிச் சண்டை குறையும்.

5. மாலையில் விளக்கேற்றியதும் குழந்தையோடு அமர்ந்து, நீளமாக மூச்சுவிட்டு மூன்று முறை ஓம் சொல்லலாம். மூச்சை மெல்ல விடும்போது இதயத் துடிப்பு தணியும். கோபம் இல்லாத வேளையில் பழகியதே கோபத்தில் கைகொடுக்கும்.

6. ஆறிய பிறகு, வீசியதை அவனே எடுத்து வைக்க வேண்டும்.

இன்று அவனுக்கு ஆறு வயது. கோபம் போய்விடவில்லை. ஆனால் சென்ற மாதம் தங்கைமீது கை ஓங்கியவன், கையை இறக்கிவிட்டு, "பாட்டி, எனக்குக் கோபமா இருக்கு" என்று என்னிடம் வந்து நின்றான். அவனை மடியில் இருத்திக்கொண்டேன்.

மெய்யன்பர்களே, மலைமேல் நிற்கும் பிள்ளைக்குப் பால்குடம் ஏந்திச் செல்கிறோம். நம் வீட்டில் கோபித்து நிற்கும் பிள்ளையிடமும் நாமே நடந்து செல்வோம். முருகன் துணை நிற்பான்.