டிஸ்க் மேல் பழி போடாதே

அன்புள்ள தம்பிக்கு,

ஏர்போர்ட் டாக்ஸிக்கு நீ எழுதிய ஜாப் கார்டைப் படம் பிடித்து அனுப்பியிருந்தாய். மூன்று முறை படித்தேன். "பிரேக் பிடிச்சா ஸ்டியரிங் ஆடுது. முன் டிஸ்க் ரெண்டும் பெண்ட். டிஸ்க், பேட் புதுசு." அதற்குக் கீழே சிவப்பு மையில்: "நாலு மாசத்துல அதே கம்ப்ளெயின்ட். லேபர் வாங்கல."

அந்தச் சிவப்பு வரிக்காக உன்னைக் கட்டிப்பிடித்துக்கொள்ளத் தோன்றியது. பெங்களூரில் வில்சன் கார்டனிலும் ஜே.சி. ரோட்டிலும் முப்பது வருஷத்துக்கு மேல் கைகளில் கிரீஸோடு இருந்திருக்கிறேன். தன் வேலை திரும்பி வந்ததைத் தன் கையாலேயே எழுதி வைத்தவன் எவனையும் நான் பார்த்ததில்லை. நானும் எழுதியதில்லை.

ஆனால் "பெண்ட்" என்று எழுதினாயே, அதுதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. எதை வைத்து அளந்தாய்? கார்டில் ஒரு எண்கூட இல்லை. டிஸ்க் வார்ப்பிரும்பு, தம்பி. ரோட்டில் ஓடும் காரில் சூடு பட்டு அது அப்பளம் போல வளைவது அபூர்வம். பேரிங் ஆட்டம், லோயர் ஆர்ம் புஷ், காலிப்பர் பின் எல்லாம் பார்த்திருப்பாய், உனக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. நான் கேட்பது ஒன்றே ஒன்று: பழைய டிஸ்கைக் கழற்றிய பிறகு ஹப் முகத்தைத் தேய்த்தாயா?

தேய்த்திருக்க மாட்டாய். ஹப்பின் ஓரத்தில் 0.05 மில்லிமீட்டர் துரு ஒட்டியிருந்தால் போதும். அது தலைமுடியின் பருமனைவிடக் குறைவு. ஆனால் ஹப் சின்னது, டிஸ்க் பெரியது. டிஸ்கின் விளிம்புக்கு வரும்போது அந்தக் கோணல் ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடும். பல கார்களின் சர்வீஸ் புத்தகம் அனுமதிக்கும் ஆட்டமே 0.05 முதல் 0.10 வரைதான்.

மாட்டிய அன்று ஓட்டிப் பார்த்திருப்பாய், ஒரு நடுக்கமும் இருந்திருக்காது. ஏமாற்றுவதே அங்கேதான். 80 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் விநாடிக்கு ஏறக்குறைய 12 சுற்று சுற்றுகிறது. டிரைவர் பிரேக்கில் கால் வைக்காதபோதும், கோணலான அந்த ஒரே இடம் ஒவ்வொரு சுற்றிலும் பேடை உரசிவிட்டுப் போகும். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடியபின் அந்த இடம் மெலிந்துவிடும். பத்து இருபது மைக்ரான் மெலிந்தாலே ஸ்டியரிங் ஆட ஆரம்பித்துவிடும். நாலு மாதம் கழித்துத் திரும்பி வந்தது டிஸ்கின் குற்றமில்லை. அன்று நீ துடைக்காமல் விட்ட துரு.

இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை. தொண்ணூறுகளில் ஒரு காருக்கு இரண்டு முறை டிஸ்க் மாற்றி, இரண்டாவது ஜோடிக்குக் கைக்காசு போட்டேன். அதற்கு முன்பெல்லாம் எனக்கு அம்பாசிடரும் பத்மினியும்தான். நந்தி மலையிலிருந்து சூடாக இறங்கி ஹேண்ட்பிரேக் போட்டு நிறுத்தினால் டிரம் முட்டை வடிவமாகிவிடும், லேத்தில் கொடுத்துக் கடைவோம். அதே புத்தியோடு டிஸ்கையும் சந்தேகப்பட்டேன். மர்பி டவுனில் என் பக்கத்து வீட்டுக்காரர் எச்.எம்.டி.யில் டர்னராக இருந்து ஓய்வு பெற்றவர். என் புலம்பலைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், ஒருநாள் காந்தக் காலோடு ஒரு டயல் கேஜை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்கே வந்துவிட்டார். முள் ஆடியது. டிஸ்கைக் கழற்றச் சொன்னார். ஹப்பை எமரித் தாளால் தேய்க்கச் சொன்னார். மறுபடி மாட்டினோம், முள் அடங்கியது. "இரும்பைத் திட்டறதுக்கு முன்னாடி அளந்து பாருய்யா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். மெஷின் டூல் செய்வதற்கென்றே 1953ல் எச்.எம்.டி. தொடங்கிய ஊர் இது. இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு கண்ணால் பார்த்தே "பெண்ட்" என்று எழுதுகிறோமே, வெட்கமாக இல்லையா?

இன்னொன்று, உன் ஏர் கன். உன் வீடியோவில் அது போடும் சத்தத்தைக் கேட்டாலே எனக்குப் பல் கூசுகிறது. ஒரு நட்டை முழுசாக இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால், நீ சுத்தமாகத் தேய்த்த ஹப்பிலும் டிஸ்க் கோணலாகத்தான் உட்காரும். எதிரெதிர் நட்டாக, இரண்டு தடவையில், டார்க் ரென்ச்சால் இறுக்கு. சின்னக் கார்களுக்கு 100 நியூட்டன் மீட்டரை ஒட்டி வரும், சரியான அளவைப் புத்தகத்தில் பார்த்துக்கொள். டயல் முள் அப்போதும் அதிகமாக ஆடினால், டிஸ்கைக் கழற்றி ஒரு ஓட்டை தள்ளி மாட்டி மறுபடி அளந்து பார்.

அந்த டிரைவரிடமும் ஒரு வார்த்தை சொல். சாதஹள்ளி டோலுக்கு வேகமாக வந்து அழுத்தி நிறுத்தி, சூடான பேடை அதே இடத்தில் மிதித்தபடியே வரிசையில் நிற்காதே என்று. பேட் அச்சு டிஸ்கில் ஒட்டிக்கொள்ளும். அதுவும் இதே நடுக்கத்தைத்தான் கொடுக்கும்.

டாக்ஸி மறுபடி வரும்போது டிரைவரை ஓட்டச் சொல்லி நீ பக்கத்தில் உட்கார். நடுக்கம் ஸ்டியரிங்கில் வருகிறதா, சீட்டில் வருகிறதா என்று எழுது. ஹப்பைத் தேய்த்தபின் டயல் காட்டிய எண்ணை எழுது. சிவப்பு மை பேனாவைத் தூக்கிப் போட்டுவிடாதே. ஆனால் எண் இல்லாத கார்டை இனிமேல் எனக்கு அனுப்பாதே.

அன்புடன்,
உன் பழைய மேஸ்திரி