ஒரு தடவை இறக்குங்கள், பலமுறை பில்டு செய்யுங்கள்

தினசரி டேட்டா பேக்கும் மொபைல் ஹாட்ஸ்பாட்டும்தான் உங்கள் இணையம் என்றால், எம்பெடட் லினக்ஸ் பழகுவது எட்டாக்கனி போலத் தோன்றலாம். அப்படியில்லை. ரௌட்டர், செட்டாப் பாக்ஸ் போன்ற கருவிகளுக்கு லினக்ஸ் தயாரிக்கும் பல இடங்களில் பில்டு சர்வருக்கு வெளி இணையமே கிடையாது. தேவையானதை முன்பே பட்டியலிட்டு இறக்கிவைப்பதும், பிறகு இணையமின்றி பில்டு செய்வதும் அங்கே அன்றாட வழக்கம். அந்தப் பழக்கத்தை உங்கள் டேட்டா தட்டுப்பாடே கற்றுக்கொடுத்துவிடும்.

எதில் தொடங்குவது?

‘லினக்ஸ் ஃப்ரம் ஸ்க்ராட்ச்’ புத்தகம் ஆழமாகக் கற்றுத்தரும், ஆனால் நாள் பிடிக்கும். யோக்டோ பெரிய நிறுவனங்களில் புழங்குவது. டிஸ்கில் பல பத்து ஜிபி கேட்கும். முதல் முயற்சிக்கு, சோர்ஸிலிருந்து முழு லினக்ஸ் இமேஜைத் தயாரித்துத்தரும் பில்டுரூட் போதும். அதன் தொகுப்பு சில எம்பிதான். இறக்க வேண்டியவற்றில் பெரியது கெர்னல், சுமார் 140 எம்பி. கம்பைலரின் சோர்ஸும் பெரியதுதான். போர்டு வாங்கவும் வேண்டாம், க்யூஇஎம்யூ எமுலேட்டரிலேயே ஓட்டலாம்.

இணையம் இருக்கும்போது

1. பில்டுரூட்டின் நீண்டகால ஆதரவுப் பதிப்பை எடுத்து, அதிலேயே நில்லுங்கள். பதிப்பு மாறினால் சோர்ஸும் மாறும், டேட்டாவும் போகும்.

2. க்யூஇஎம்யூவையும் சி கம்பைலர், மேக், ஆர்சிங்க் முதலியவற்றையும் உங்கள் டிஸ்ட்ரோவிலிருந்து முன்பே நிறுவுங்கள்.

3. க்யூஇஎம்யூ எக்ஸ்86-64க்கான டெஃப்கான்ஃபிக்கை (தயார்நிலை அமைப்பு ஃபைல்) தேர்ந்தெடுத்து, மெனுகான்ஃபிக் என்ற அமைப்பு மெனுவில் டவுன்லோட் ஃபோல்டரைப் பில்டுரூட்டுக்கு வெளியே மாற்றுங்கள். இயல்பாக அது உள்ளேயே ‘டிஎல்’ என்ற பெயரில் இருக்கும். ‘மேக் டிஸ்ட்க்ளீன்’ கொடுத்தால் இறக்கியதெல்லாம் அதோடு போய்விடும்.

4. ‘மேக் எக்ஸ்டர்னல்-டெப்ஸ்’ என்று கொடுத்தால், இறக்கப்போகும் ஃபைல்களின் பட்டியல் வரும். வேண்டாத பேக்கேஜை இப்போதே நீக்குங்கள்.

5. ‘மேக் சோர்ஸ்’ கட்டளை எல்லாவற்றையும் இறக்கும், பில்டு செய்யாது. பாதியில் அறுந்த ஃபைலைப் பில்டுரூட் வைத்துக்கொள்ளாது, முதலிலிருந்து தொடங்கும். அதனால் கெர்னல் போன்ற பெரிய ஃபைல்களை டபிள்யூகெட்டின், விட்ட இடத்திலிருந்து தொடரும் ‘-சி’ ஆப்ஷனோடு தனியே இறக்கி, டவுன்லோட் ஃபோல்டருக்குள் அந்தந்தப் பேக்கேஜின் பெயரிலுள்ள துணை ஃபோல்டரில் போடுங்கள். ஹேஷ் பதிவாகியுள்ள ஃபைல்களைப் பில்டுரூட்டே சரிபார்த்துக்கொள்ளும்.

இணையத்தை அணைத்தபின்

வைஃபையை நிறுத்திவிட்டு ‘மேக்’ கொடுங்கள். பில்டு முடிந்தால் உங்கள் பட்டியல் முழுமை. இடையில் நின்றால், விடுபட்டது எதுவென்று பிழைச்செய்தியே சொல்லும். முடிந்ததும் அவுட்புட் ஃபோல்டருக்குள் உள்ள இமேஜஸில் க்யூஇஎம்யூவைத் தொடங்கும் ஸ்க்ரிப்ட் இருக்கும். அதை ஓட்டி, ரூட்டாக நுழையுங்கள், பாஸ்வேர்டு கேட்காது.

அங்கே நீங்கள் தட்டும் ‘எல்எஸ்’, ‘சிபி’ எல்லாம் பிஸிபாக்ஸ் என்ற ஒரே ஃபைலின் வேலை. 1995இல் டெபியன் நிறுவியை ஒரு ஃப்ளாப்பியில் அடக்குவதற்காக புரூஸ் பெரன்ஸ் தொடங்கியது அது.

இனி இன்னும் குறைக்கலாம். ‘மேக் கிராஃப்-சைஸ்’ எந்தப் பேக்கேஜ் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று வரைந்து காட்டும். அதற்குப் பைத்தானின் மேட்பிளாட்லிப் வேண்டும், இரண்டாம் படியில் நிறுவுபவற்றோடு சேர்த்துக்கொள்ளுங்கள். ஒன்றைக் கவனியுங்கள்: மெனுவில் பேக்கேஜை நீக்கினாலும், ஏற்கெனவே இமேஜில் ஏறிய அதன் ஃபைல்கள் போகாது. ‘மேக் க்ளீன்’ கொடுத்து முழுதாக மறுபடி பில்டு செய்ய வேண்டும். நேரம் போகும், டேட்டா போகாது. சந்தேகம் வந்தால், பில்டுரூட்டின் கையேடு தொகுப்புக்குள்ளேயே இருக்கிறது.

வேலைக்கான இன்டர்வியூவுக்கு என்ன கொண்டுபோவது?

‘மேக் சேவ்டெஃப்கான்ஃபிக்’ தரும் சின்ன ஃபைல் ஒன்று. தொடக்கத்திலும் முடிவிலும் இமேஜின் அளவு, எதை நீக்கியதால் எவ்வளவு குறைந்தது என்ற அட்டவணை ஒன்று. ‘மேக் லீகல்-இன்ஃபோ’ திரட்டும் லைசென்ஸ் பட்டியல் ஒன்று. கடைசியைப் பலர் விட்டுவிடுவார்கள். கெர்னலும் பிஸிபாக்ஸும் ஜிபிஎல் 2இல் வருபவை. கருவியை விற்கும் நிறுவனம் அவற்றின் சோர்ஸையும் தரக் கடமைப்பட்டது.

“இதே பில்டை இணையமில்லாத மெஷினில் ஓட்ட முடியுமா?” என்று கேட்டால், டவுன்லோட் ஃபோல்டரை நகலெடுப்பதையும், பில்டுரூட்டின் பிரைமரி சைட் அமைப்பில் அலுவலக சர்வரைக் காட்டுவதையும் சொல்லுங்கள். யோக்டோவிலும் நெட்வொர்க்கை அடியோடு தடுக்கும் அமைப்பு உண்டு, முறை அதேதான்.

ரெஸ்யூமேயில் ‘லினக்ஸ் தெரியும்’ என்ற வரி இருந்தால் அடித்துவிட்டு இப்படி எழுதுங்கள்: ‘பில்டுரூட்டில் இணையமின்றி மறுபடி பில்டு செய்யக்கூடிய லினக்ஸ் இமேஜ், அளவு இத்தனை எம்பி.’ அடுத்த கேள்வி அந்த எண்ணைப் பற்றித்தான் வரும். பதில் உங்கள் அட்டவணையில் இருக்கும்.