கண்ட்ரோல் + இ எங்கே போனது?

கேள்வி: பத்திர எழுத்தர் அலுவலகத்தில் தட்டச்சு வேலை பார்க்கிறேன். கிரயம், செட்டில்மென்ட், விடுதலைப் பத்திரம் எல்லாமே எம்.எஸ். வேர்டில்தான். விடுப்பு முடிந்து வந்து பார்த்தால், கண்ட்ரோல் + இ அழுத்தினால் தலைப்பு நடுவுக்கு வராமல் ஏதோ ஒரு குறியீடு விழுகிறது. ஒரு பத்தியின் அமைப்பை இன்னொரு பத்திக்குக் கொடுக்க உதவும் கண்ட்ரோல் + ஷிப்ட் + சி, வி இரண்டும் பழையபடி வேலை செய்யவில்லை. என் இடத்தில் ஒரு தம்பி உட்கார்ந்திருந்தார். அந்த நாட்களில்தான் பழைய வேர்டை எடுத்துவிட்டுப் புதியதும் போட்டிருக்கிறார்கள். எல்லாவற்றையும் ‘ரீசெட்’ செய்துவிடலாமா? நான்கெல்லை விவரத்துக்கும் சாட்சிகள் பகுதிக்கும் நானே வைத்திருக்கும் ஷார்ட்கட்டுகள் போய்விடுமா?
– வாசகி, தென்காசி

பதில்: தம்பியைப் பாதிக்கு மேல் திட்டாதீர்கள். கண்ட்ரோல் + இ-யை மாற்றியது உங்கள் கணினியில் உட்கார்ந்த யாரோ. கண்ட்ரோல் + ஷிப்ட் + வி-யை மாற்றியது மைக்ரோசாஃப்டே. புதிய வேர்டில் அந்த விசை, வடிவமைப்பு இல்லாமல் வெறும் எழுத்தை மட்டும் ஒட்டுகிறது. அமைப்பை நகலெடுக்க கண்ட்ரோல் + ஆல்ட் + சி, அதை இன்னொரு இடத்தில் போட கண்ட்ரோல் + ஆல்ட் + வி என்று ஆக்கிவிட்டார்கள். ரீசெட் என்பது இப்போதைய வேர்டின் இயல்புநிலைக்குத்தான் கொண்டுபோகும். ஆகவே எத்தனை முறை ரீசெட் செய்தாலும் இரண்டாவது சிக்கல் தீராது. உங்கள் சொந்த ஷார்ட்கட்டுகளை இழந்ததுதான் மிச்சமாகும்.

இரண்டையும் தனித்தனியாகச் சரிசெய்யுங்கள். ஃபைல், ஆப்ஷன்ஸ், கஸ்டமைஸ் ரிப்பன் என்று போனால், இடப்பக்கப் பட்டியலுக்குக் கீழே ‘கீபோர்ட் ஷார்ட்கட்ஸ்’ என்ற வரியும் அதன் அருகே ‘கஸ்டமைஸ்’ பொத்தானும் இருக்கும். அங்கே திறக்கும் பெட்டியில் ‘கேட்டகரீஸ்’ பட்டியலில் ‘ஆல் கமாண்ட்ஸ்’ என்பதைத் தேர்ந்தெடுத்து, வலப்பக்கம் ‘சென்டர்பாரா’ என்ற கட்டளையைத் தேடுங்கள். புதிய விசைக்கான கட்டத்தில் கர்சரை வைத்து கண்ட்ரோல் + இ அழுத்தினால், அந்த விசை இப்போது யார் கையில் இருக்கிறது என்று கீழேயே காட்டும். ‘அசைன்’ கொடுத்தால் அது பழைய இடத்துக்கு வந்துவிடும். இதே முறையில் ‘காப்பிஃபார்மட்’ கட்டளைக்கு கண்ட்ரோல் + ஷிப்ட் + சி-யையும் ‘பேஸ்ட்ஃபார்மட்’ கட்டளைக்கு கண்ட்ரோல் + ஷிப்ட் + வி-யையும் கொடுத்துவிடுங்கள். ஆயிரக்கணக்கான பயனர்களின் விரல் பழகிய விசையை இப்படி மாற்றியது எனக்கும் பிடிக்கவில்லை. ஆனால் மற்ற பல மென்பொருள்களில் அந்த விசை வெறும் எழுத்தை ஒட்டத்தான் பயன்படுகிறது என்பதால், அவர்கள் பக்கமும் ஒரு நியாயம் உண்டு.

கட்டளையின் பெயரைத் தேடுவது எரிச்சலாக இருந்தால் இன்னொரு வழி இருக்கிறது. தனி எண்பலகை உள்ள விசைப்பலகை என்றால், கண்ட்ரோலையும் ஆல்ட்டையும் பிடித்துக்கொண்டு எண்பலகையின் கூட்டல் விசையை அழுத்துங்கள். மவுஸ் குறி நான்கு இதழ் பூப்போல மாறும். அந்த நிலையில் மேலே உள்ள ‘சென்டர்’ பொத்தானைச் சொடுக்கினால், அதே பெட்டி அந்தக் கட்டளைக்கென்றே திறக்கும்.

அந்தப் பெட்டியில் ‘சேவ் சேஞ்சஸ் இன்’ என்று ஒரு வரி இருக்கிறது. பெரும்பாலோர் இதைப் பார்ப்பதே இல்லை. ஷார்ட்கட் மாற்றங்களை வேர்டு வழக்கமாக நார்மல்.டாட்எம் என்ற வார்ப்புருக் கோப்பில் எழுதி வைக்கிறது. எனவே அவை எல்லா ஆவணங்களிலும் எதிரொலிக்கும். ஆனால் அந்த வரியில் நடப்பு ஆவணத்தைத் தேர்ந்தெடுத்திருந்தால், மாற்றம் அந்த ஒரு கோப்புக்குள் மட்டும் ஒளிந்திருக்கும். கிரயப் பத்திர மாதிரிக் கோப்பில் மட்டும் கண்ட்ரோல் + இ தகராறு செய்து, புதிதாகத் திறக்கும் வெற்றுக் கோப்பில் ஒழுங்காக வேலை செய்தால், காரணம் இதுதான். அப்போது அந்த மாதிரிக் கோப்பைத் திறந்து, இந்த வரியில் அதன் பெயரைத் தேர்ந்தெடுத்துத்தான் திருத்த வேண்டும். ‘ரீசெட் ஆல்’ பொத்தான் மங்கலாக, அழுத்த முடியாமல் இருந்தாலும் பயப்படாதீர்கள். தேர்ந்தெடுத்த கோப்பில் எந்த ஷார்ட்கட் மாற்றமும் இல்லை என்றுதான் அதற்குப் பொருள்.

தம்பி இன்னும் பத்து விசைகளில் கை வைத்திருக்கிறார் என்று தெரிந்தால் மட்டும் ‘ரீசெட் ஆல்’ பக்கம் போங்கள். அதற்கு முன், பிரிண்ட் பக்கத்தில் ‘பிரிண்ட் ஆல் பேஜஸ்’ என்ற இடத்தைச் சொடுக்கி, ‘கீ அசைன்மென்ட்ஸ்’ என்பதைத் தேர்ந்தெடுத்து ஒரு தாள் எடுத்துக்கொள்ளுங்கள். மாற்றப்பட்ட விசைகள் அதில் வரும். உங்களுடையது எது, அவருடையது எது என்று டிக் அடித்துவிடலாம். ரீசெட் ஆல் செய்தால் உங்கள் விசைகள் போகும். நான்கெல்லை வாசகத்தை ஆட்டோடெக்ஸ்ட்டாகவோ மேக்ரோவாகவோ வைத்திருந்தால் அது அழியாது. விசையை மட்டும் மறுபடி கொடுத்தால் போதும்.

‘நார்மல்.டாட்எம் கோப்பை அழித்துவிடு, வேர்டு புதிதாக உருவாக்கிக்கொள்ளும்’ என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். உருவாக்கிக்கொள்ளும் என்பது உண்மைதான். ஆனால் அதிலிருந்த மேக்ரோ, ஆட்டோடெக்ஸ்ட், நீங்கள் மாற்றி வைத்த எழுத்துரு எல்லாம் சேர்ந்து போய்விடும். வேறு வழியே இல்லையென்றால் அழிக்காமல் பெயரை மட்டும் மாற்றி வையுங்கள்.

எல்லாம் முடித்து வேர்டை மூடும்போது, நார்மல்.டாட்எம்-இல் மாற்றங்களைச் சேமிக்கவா என்று சில கணினிகளில் கேட்கும். அவசரத்தில் ‘டோன்ட் சேவ்’ கொடுத்தால் இவ்வளவும் வீண்.

கேள்வி: வேர்டில் ஆல்ட் + 2-க்கு ஒரு மேக்ரோ கொடுத்தேன். அழுத்தினால் மேக்ரோ ஓடுவதில்லை, தமிழ் விசைப்பலகைதான் மாறுகிறது. ரீசெட் செய்தும் பயனில்லை.
– வாசகர், சிவகாசி

பதில்: உங்கள் தமிழ்த் தட்டச்சு மென்பொருள்தான் குறுக்கே நிற்கிறது. என்.எச்.எம். ரைட்டர் போன்றவை ஆல்ட்டுடன் எண்ணைச் சேர்த்து விசைப்பலகையை மாற்றுகின்றன. அந்த விசையை வேர்டு பார்ப்பதற்கு முன்பே அவை பிடித்துக்கொள்ளும். அந்த மென்பொருளை முழுதாக மூடிவிட்டு ஒருமுறை அழுத்திப் பாருங்கள். மேக்ரோ ஓடினால் சந்தேகம் தீர்ந்தது. மேக்ரோவுக்கு எண் இல்லாத வேறொரு கூட்டணியைக் கொடுங்கள். கண்ட்ரோல் + ஆல்ட் + சி, வி மட்டும் வேண்டாம். அவற்றுக்கு வேர்டில் வேறு வேலை இருப்பதை மேலே உள்ள பதிலில் பார்த்திருப்பீர்கள்.